ஒழுக்கு நின்றபோது

புதன்கிழமைகளில் ரேணுகா ரொட்டி சுட்டாள்.

மற்ற நாட்களில் பழைய சோறோ, ரவையோ, இருப்பதை வைத்து ஒப்பேற்றுவாள். புதன்கிழமை மட்டும் விடிவதற்குள் தேங்காய் துருவும் சத்தம் கேட்கும். அருண்பிரசாத் கம்பளிக்குள் சுருண்டபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவைப் போட்டுப் பிசைவது, உள்ளங்கையில் தட்டிக் கல்லில் போடுவது, பிறகு கட்டச்சம்பலுக்குச் செத்தல் மிளகாயையும் வெங்காயத்தையும் மாசிக் கருவாட்டையும் அம்மியில் வைத்து நசுக்குவது. ஒவ்வொன்றும் தனித்தனிச் சத்தம். வெளியே ஆடி மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தாலும் அவனுக்கு இவையெல்லாம் தெளிவாகக் கேட்டன.

எழுந்து அடுப்படிக்கு வந்தான். வட்டம் பிசகாமல், பொன்னிறமாக வெந்த ரொட்டிகள் எவர்சில்வர் டப்பாவுக்குள் போய்க்கொண்டிருந்தன. ஓரம் பிய்ந்ததும் நடுவில் கருகியதும் அவன் தட்டில் இருந்தன.

"இது யாருக்கு?" தெரிந்தேதான் கேட்டான்.

"டீச்சருக்கு."

"அவங்க ஊருல ரொட்டி கெடைக்காதா?"

"ரொட்டி கெடைக்கும். கட்டச்சம்பல் கெடைக்காது."

"எனக்கும் அதுல ஒன்னு வெச்சா கொறஞ்சு போயிருமா?"

"உங்களுக்குக் கருகினதுதான புடிக்கும்."

கல்யாணமான புதிதில் எப்போதோ அவன் அப்படிச் சொல்லியிருந்தான். அவள் அதை ஞாபகம் வைத்திருக்கிறாள் என்பதை அவன் கவனிக்கவில்லை. டப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுவருக்கு அந்தப்பக்கத்துக் காம்பராவிலிருந்து அவன் அம்மா கருப்பம்மாவின் குரல் வந்தது. "புதன்கெழமன்னா புள்ளைக்குக் கையி என்னா வேகம். பெத்தவ கேட்டா ஒரு பிளேன்டீக்கு ஒரு மணி நேரமாவுது."

"கொண்டாறேன் மாமி," என்றாள் ரேணுகா.

டீச்சர் என்பது தபித்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. கூடலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து வாரம் ஒருமுறை ஜீப்பில் எஸ்டேட்டுக்கு வருபவள். மருந்து எழுதமாட்டாள், ஊசி போடமாட்டாள். உட்கார்ந்து பேசுவாள். பேசுவதைவிடக் கேட்பாள். அவளை எப்படிக் கூப்பிடுவது என்று லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் தெரியாததால் டீச்சராகிவிட்டாள். அவளுக்கு எஸ்டேட்டில் ஒதுக்கியிருந்த இடம் பழைய பிள்ளைக் காம்பரா. முன்பு கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போன இடம். பிள்ளைகள் குறைந்து பூட்டிக் கிடந்ததைத் திறந்து, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். தொட்டில் கட்டும் இரும்புக் கம்பி சுவருக்குச் சுவர் இன்னும் ஓடியது.

போன வருஷம் இதே மழையில் ரேணுகாவுக்கு ஏழாம் மாசம். ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் வழுக்கி, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பிறந்தது பெண் பிள்ளை. உயிர் இல்லை. விழுந்ததால் என்று டாக்டர் சொல்லவில்லை. வேறு ஏதோ காரணம் சொன்னார். ரேணுகா காதில் அது ஏறவில்லை. வீட்டுக்கு வந்தவள் வேலைக்குப் போகவில்லை, தலை சீவவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்தே கிடந்தாள். கேட்டால் "என்னாலதான்" என்பாள். வேறு பேச்சு இல்லை. நர்ஸ் ஒருத்திதான் தபித்தாளிடம் அழைத்துப்போனாள்.

முதல் மாதங்களில் அருண்பிரசாத்தே அவளைக் குடை பிடித்துக் கூட்டிப்போய் விட்டான். அவள் சோறு தின்னத் தொடங்கினாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து மறுபடி மலை ஏறினாள். அவனுக்கு அது போதும் என்றிருந்தது. பிறகு ஒரு புதன்கிழமை அவள் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, முகம் கழுவி விட்டது போல இருந்தது. "என்னா பேசுனீங்க?" என்றான். "சும்மா" என்றாள். அன்றிலிருந்துதான் அந்தச் 'சும்மா' அவன் தொண்டையில் முள்ளாக நின்றது. அங்கே ஒரு மணி நேரம். இங்கே, "சோறு வெக்கவா", "வெறகு தீந்துருச்சு", "அம்மாவுக்கு மாத்திர வாங்கணும்". படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஆம்பிளையோடு பேசினால் அடிக்கலாம், திட்டலாம், ஊரைக் கூட்டலாம். இது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று அவனுக்கே புரியவில்லை. பொம்பளையிடம், அதுவும் தன் பெண்டாட்டியைப் பிழைக்க வைத்த ஒருத்தியிடம் பொறாமை. சொன்னால் சிரிப்பார்கள்.

ரவிக்குமார் சிரித்தான்.

ஃபேக்டரி மாடியில் இருவருக்கும் ஒரே ஷிப்ட். பச்சைக் கொழுந்தை நீளமான வலைத் தொட்டிகளில் உதறிப் பரப்பி, அடியில் ஃபேன் காற்று விட்டு வாட்டுவது அவர்கள் வேலை. கை ஓயாது, வாயும் ஓயாது.

"டேய் அருணு, ஒம் மூஞ்சியப் பாத்தே காலண்டர் கிழிக்கலாம்டா. இன்னைக்குப் புதன்கெழம."

"ஒரு மணி நேரம் என்னாதான்டா பேசுவாங்க?"

"எம் பொண்டாட்டி எங்கூட ஒரு மணி நேரம் பேசுனா, யான தொரத்துன மாதிரி கீழ்நாட்டுக்கே ஓடிருவேன். நீ பேசலன்னு அழுவுற."

"வெளையாடாத. எங்கிட்ட சொல்லாதத அங்க போயி எதுக்குச் சொல்லணும்?"

"ஒன்னப் பத்திதான் சொல்லும். வேற என்னா இருக்கு இந்த மலையில பேச? அட்டையப் பத்தியா பேசுவாங்க?"

ரவிக்குமார் அடுத்த தொட்டிக்குப் போய்விட்டான். சொன்னவன் மறந்துபோனான். அருண்பிரசாத் அதை எடுத்து வைத்துக்கொண்டான். தன்னைப் பற்றி என்ன சொல்வாள்? இவன் ஒரு தடவைகூட உட்கார்ந்து அழவில்லை என்றா? இவனோடு வாழ்ந்து என்ன பிரயோஜனம் என்றா? ஈரக் கொழுந்தை உதற உதற ஒன்றிலிருந்து ஒன்று முளைத்துக்கொண்டே இருந்தது. மத்தியானத்துக்குள் அவன் நினைப்பில் அவள் துணிமணியோடு ஊரைவிட்டுப் போய், திருப்பூரில் ஏதோ கம்பெனியில் சேர்ந்து, இவன் பேரையே மறந்திருந்தாள்.

கீழே டிராக்டர் வந்து நின்றது. "ஏழாம் நம்பரு!" என்று டிரைவர் கத்தினான். "இதோட முடிஞ்சுது. திங்கக்கெழமையிலருந்து ஏழுல கவாத்து."

அருண்பிரசாத் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினான். ஏழாம் நம்பர் கொழுந்து வந்தால் அவனுக்கு எப்போதும் அப்படித்தான். மூட்டைகளை வேறு யாரையும் பிரிக்க விடமாட்டான். தானே அவிழ்த்து, தானே பரப்புவான்.

காரணம் அவனுக்கு மட்டுமே தெரியும். ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்ததை அவன் வைத்திருப்பது ஏழாம் நம்பர் மலையில். அம்மா ரேணுகாவுக்குத் துணையாக அங்கேயே இருந்துவிட்டாள். இவன் ஜீப்பில் தனியாக வந்தான். மடியில் அது இருந்தது. உயிர் இல்லாமல் பிறந்ததைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் லயத்தில் இல்லை. மலையில் எங்காவது ஒரு ஆம்பிளை போய் வைத்துவிட்டு வருவான். இடத்தைப் பெற்றவளுக்குச் சொல்லக் கூடாது. "சொன்னா அங்கயே போயிக் கெடப்பா. சொல்லாத தம்பி" என்று கருப்பம்மா அவன் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தாள். அவன் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. லயமே வந்து ரேணுகா எப்படி இருக்கிறாள் என்று கேட்டது. அவனிடம், "முடிச்சுட்டியா?" என்றார்கள். "முடிச்சேன்" என்றான்.

அன்று மத்தியானம் ஷிப்ட் முடிந்ததும் அவன் ஃபீல்டு ஆபீசரிடம் போய் நின்றான். பிள்ளைக் காம்பரா ஒழுகுகிறது, தார்ஷீட் கொடுத்தால் தானே ஒட்டிவிடுகிறேன் என்றான். ஒழுகுவது உண்மைதான். "ஒரே ஒழுக்கு. டீச்சரு குண்டா வெச்சிருக்கு" என்று ரேணுகா ஒருநாள் சொல்லியிருந்தாள். அந்த அறையைப் பற்றி அவள் வாயிலிருந்து அவனுக்குக் கிடைத்த ஒரே சேதி அதுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் கூரை ஏறினான்.

ஏணியைப் பின்பக்கம் சாத்தினான். மழை கொட்டியதால் காலடிச் சத்தம் உள்ளே கேட்க வழியில்லை. அந்த யோசனை அவனுக்கு முன்பே இருந்தது. அதே மழையில் உள்ளே பேசுவது மேலே கேட்காது என்ற யோசனை மட்டும் ஏறிப் படுத்த பிறகுதான் வந்தது.

தகரத்தில் துருப்பிடித்த ஓட்டை ஒன்று, கட்டைவிரல் நுழையும் அளவு. அவன் மழைக்கோட்டுக் கையை மேலே அணை போல வைத்துக்கொண்டு கண்ணை ஓட்டையில் வைத்தான்.

தொட்டில் கம்பிக்குக் கீழே இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். டப்பா திறந்திருந்தது. தபித்தாள் ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். காரத்தில் மூக்கைத் துடைத்தாள். ரேணுகா கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். தபித்தாள் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்து என்னவோ கேட்டாள். ரேணுகா பதில் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தாள். கல்யாணத்துக்கு முன்பு, கொழுந்து நிறுக்கும் இடத்தில், அவனை மடக்கியது அந்தச் சிரிப்புத்தான். ஒரு வருஷமாக அதை அவன் பார்க்கவில்லை. செத்துப்போயிற்று என்று நினைத்திருந்தான். அது சாகவில்லை. இங்கே வந்து போயிருக்கிறது.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அதனால் தபித்தாள் சட்டென்று குண்டாவைப் பார்த்ததையும் பார்த்தான். பிறகு ரேணுகாவும் குண்டாவைப் பார்த்தாள். மழை விடவில்லை, ஒழுக்கு மட்டும் நின்றுவிட்டது. இருவரும் மெல்லத் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்கள்.

ரேணுகாவின் கண் அவன் கண்ணை நேராகப் பார்த்தது.

அவன் இறங்கி வந்தபோது தபித்தாள் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். "தெப்பமா நனைஞ்சிருக்கீங்க. இறவாரத்துல வந்து நில்லுங்க."

"ஓட்டய அடைக்க வந்தேன்."

"அடைச்சிட்டீங்க," என்றாள் தபித்தாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

உள்ளேயிருந்து ரேணுகாவின் குரல் வந்தது. "அவரு உள்ள வரவேணாம் டீச்சர். இது என் எடம்."

உரக்கக்கூடச் சொல்லவில்லை. தபித்தாள் அவனைப் பார்த்தாள். "இது அவங்க நேரம் அருண். அவங்க சொல்றதுதான். உங்களுக்கும் பேசணும்னா வேற நாள் வெச்சுக்கலாம்."

"எனக்கென்னா பேச இருக்கு," என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். தார்ஷீட்டை அங்கேயே விட்டுவிட்டான்.

இருட்டுவதற்குள் அவள் வீடு திரும்பினாள். யானை இறங்கும் மாதம், யாரும் அந்தி தாண்டி வெளியே நிற்பதில்லை. வாசற்படியில் உட்கார்ந்து பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி, ஒட்டியிருந்த அட்டைகளுக்கு உப்பு வைத்தாள். அவன் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சொல்ல வேண்டியதை ஏணியோடு நடந்த வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தான்.

"இனிமே அங்க போவேணாம்."

"யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"கூரையிலருந்து சொல்றீங்களா, கீழ எறங்கிச் சொல்றீங்களா?"

அவனுக்குக் காது சூடேறியது. "என்னா சிரிப்பு அங்க? ஊட்டுல ஒரு வார்த்தைக்கு வழியில்ல. அங்க என்னா சிரிப்பு?"

"கேட்டீங்களா என்னா பேசுனேன்னு?"

"மழ. கேக்கல. பாத்தேன்."

"பாத்தது சிரிச்சத. மிச்சத்த நீங்களா சேத்துக்கிட்டீங்க. டீச்சரு எனக்கு மொதல்ல சொன்னது அதுதான். பாத்தது எது, நாமளா சேத்தது எதுன்னு பிரிச்சு வெக்கணும். கொழுந்துல முத்தல பிரிச்சுப் போடுற மாதிரி."

"எனக்குப் பாடம் எடுக்காத. எதுக்குச் சிரிச்ச?"

"என்னா சத்தம் அங்க?" என்று சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து கருப்பம்மா கேட்டாள்.

"ஒன்னுமில்ல," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அட்டை ஒன்று சுருண்டு விழுந்தது. ரேணுகா அதைக் குச்சியால் வாசலுக்குத் தள்ளினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கங்காணிய வஞ்சேன். அதுக்குச் சிரிச்சோம்."

"எந்தக் கங்காணிய?"

"நெசக் கங்காணி இல்ல. எனக்குள்ள ஒருத்தன் நிக்கிறான். நெரையில நிக்கையில பின்னாடி நின்னு கத்துவானுங்கள்ல, அந்த மாதிரி. பிளேன்டீ குடிக்க ஒக்காந்தா, 'புள்ளையத் தின்னுட்டு டீ கேக்குதா ஒனக்கு'ம்பான். நல்ல சேலையக் கையில எடுத்தா, 'யாருக்குக் காட்ட'ம்பான். தூங்க விட மாட்டான். நான் அதெல்லாம் நெசம்னுதான் இருந்தேன். டீச்சரு கேட்டுச்சு, பக்கத்து நெரையில நிக்கிற புள்ளைய ஒரு கங்காணி இப்பிடிப் பேசுனா நீ கம்முனு இருப்பியான்னு. இருக்கமாட்டேன்னேன். அப்ப என்னா சொல்லுவ, இப்ப சொல்லுன்னுச்சு. சொன்னேன்."

"என்னான்னு?"

அவள் சொன்னாள். மலையில் பெண்கள் மட்டும் இருக்கும்போது பேசுகிற பேச்சு அது. கங்காணியின் அரைக்கால் சட்டையில் ஆரம்பித்து அவனைப் பெற்றவள் வரைக்கும் போனது. இவளுக்கு இப்படியெல்லாம் தெரியும் என்று அருண்பிரசாத் நினைத்ததே இல்லை.

"இதயா டீச்சருகிட்ட சொன்ன?"

"இன்னொரு தடவ மெதுவாச் சொல்லு, மனப்பாடம் பண்ணிக்கிறேன்னுச்சு. எங்க பெரிய டாக்டர வைய வேணும்னுச்சு. அதுக்குத்தான் சிரிச்சேன்."

அவனுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே அந்த எரிச்சலும் வந்தது. அவள் வாயிலிருந்து அந்த வசவு முதன்முதலில் புறப்பட்டபோது கேட்டவன் தானில்லை. இதையும் இரண்டாவதாகத்தான் வாங்கிக்கொள்கிறான்.

"அப்ப கங்காணி போயிட்டான்ல. இனிமே எதுக்கு அங்க?"

"போவல. மத்த எடத்துலயெல்லாம் கொஞ்சம் அடங்கிட்டான். ஒரு எடத்துல மட்டும் அசையாம நிக்கிறான்."

"எங்க?"

"உங்க மூஞ்சியில."

அவன் நிமிர்ந்தான்.

"இன்னைக்கு ஏழுல வேலன்னு சொன்னா உங்க மூஞ்சி இருண்டு போவுது. தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போறீங்க. ஒரு தடவயா, ரெண்டு தடவயா. நான் வழுக்குன எடம் அது. அத நெனச்சுத்தான? எம்மேல உங்களுக்கு ஆறல. கொன்னவ இவதான்னு மனசுல இருக்கு. நீங்க மரியாதைக்கு வாயத் தொறக்கல, அவ்வளவுதான்." அவள் மூச்சு விட்டாள். "நெசமா இல்ல நானாச் சேத்ததான்னு உங்ககிட்டயே கேளுன்னு டீச்சரு சொல்லிக்கிட்டே இருக்கு. நான்தான் தள்ளிக்கிட்டு வந்தேன். ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா?"

அருண்பிரசாத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வழுக்கியது ஏழாம் நம்பரில் என்பது இந்த ஒரு வருஷத்தில் ஒருநாள்கூட அவன் மனதுக்கு வரவில்லை. அவனுக்கு ஏழாம் நம்பர் என்றால் ஒரே ஒரு இடம். அம்மாவின் கை தலையில் இருப்பது போலவே இருந்தது. அதையும் மீறித்தான் வாய் திறந்தான்.

"அங்கதான் வெச்சிருக்கேன்."

"எத?"

கேட்டுவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள்.

"மேல பாறை இருக்குல்ல, அதுக்கு அடியில. மத்த எடமெல்லாம் மண்ணு எளகிக் கெடந்துச்சு, பன்னி தோண்டிரும். அந்தப் பக்கம் யானைத் தடம். பாறைக்கிட்ட எதுவும் வராது. அதான் அங்க. நீ வழுக்குனத நான் நெனைக்கக்கூட இல்ல ரேணு. நீ ஏழுக்குப் போறேன்னா, அந்தச் செடியில கை வெப்பியேன்னு இருக்கும். சொல்லக் கூடாதுன்னாங்க. என்னா செய்ய?"

அழப்போகிறாள் என்று அவன் காத்திருந்தான். அவள் அழவில்லை.

"நீங்க போவீங்களா அங்க?"

"ஞாயித்துக்கெழமையில."

"வெறகுக்குன்னு போவீங்களே."

"வெறகும் எடுப்பேன்."

"நீங்க மட்டும்," என்றாள். குரல் மாறிவிட்டது. "மொகம் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எனக்குக் காட்டல. நான் முழிக்கையில ஒன்னுமே இல்ல. மொகம் பாத்தது நீங்க. மடியில வெச்சுக்கிட்டு வந்தது நீங்க. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கூட போயி ஒக்காந்தது நீங்க. எல்லாத்தையும் நீங்களே வெச்சுக்கிட்டீங்க. எனக்கு இருந்தது அந்த ஓட்டக் காம்பராவுல ஒரு மணி நேரம். அதையும் கூரையேறிப் பாத்தீங்க."

அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு புதன்கிழமையும் அவனுக்குள் பேசியது அதே குரல்தான். இன்னொருவர் வாயிலிருந்து அதை இப்போதுதான் கேட்கிறான்.

"எப்பிடி இருந்துச்சு?" என்றாள்.

"முடி நெறையா. ஈரமா நெத்தியில ஒட்டிக்கிட்டு." அவன் தன் காதைத் தொட்டுக் காட்டினான். "எடது காது மட்டும் மேல மடங்கி இருந்துச்சு. நான் நிமித்தி விட்டேன். மறுபடி மடங்கிக்கிச்சு."

"எங்கப்பாவுக்கு அப்பிடித்தான்," என்றாள் ரேணுகா. அப்புறம்தான் அழுதாள். அவனும் அழுதான். சுவருக்கு அந்தப்பக்கம் கருப்பம்மா இருமினாள். என்ன சத்தம் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. வெயில் வரவில்லை. பனி மூட்டம் மலையின் பாதிவரை இறங்கி நின்றது. வேலைக்குப் போகும்போது இடுப்பில் சுற்றும் தார்ப்பாய்ப் படங்கைக் கட்டாமல் அவள் மலை ஏறுவதே புதிதாக இருந்தது. அவன் முன்னால் நடந்தான். விழுந்த கானைத் தாண்டும்போது அவள் ஒரு கணம் நின்றாள். அவன் கை நீட்டினான். பிடித்துக்கொண்டு தாண்டினாள்.

பாறை வந்தது. அடியில் நின்ற தேயிலைச் செடி மற்றச் செடிகளைப் போலவே இருந்தது. அவன் எதுவும் நட்டுவைக்கவில்லை, கல்லும் வைக்கவில்லை.

"இந்தப் பாறையில ஒக்காந்து சோறு தின்னுருக்கேன்," என்றாள். "இந்தச் செடியிலயும் எடுத்திருக்கேன். போன வாரம்கூட."

"தெரியும். அந்தக் கொழுந்து வந்தா நான்தான் பிரிப்பேன்."

"நாளைக்குக் கவாத்து வெட்டுனா எல்லாம் மொட்டையாயிரும். அப்புறம் அடையாளம் தெரியுமா?"

"பாறை இருக்கே."

அவள் தலையாட்டினாள். பிறகு, "நீங்க கீழ போங்க. எனக்குக் கொஞ்ச நேரம் வேணும்," என்றாள்.

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து உட்காருவோம் என்றுதான் வந்தான். எந்த இடத்தில் தலை, எந்தப் பக்கம் கால் என்று சொல்ல நினைத்திருந்தான். இறங்கிக் கானோரம் போய் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் அவள் குரல் கேட்டது. பனிக்குள்ளிருந்து வந்தது. வார்த்தை பிடிபடவில்லை. ஏற்ற இறக்கம் மட்டும் தெரிந்தது. கேட்கிற மாதிரி, பதில் சொல்கிற மாதிரி, இடையில் கோபிக்கிற மாதிரி. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அங்கே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசலாம் என்பதே தோன்றியதில்லை. இவள் வந்த உடனே பேசுகிறாள்.

பொறாமை வந்தது. அதே முள், அதே இடம். உன்னைப் பற்றித்தான் சொல்கிறாள் என்றது அது. ஒரு வருஷம் மறைத்து வைத்தான் உன் அப்பன் என்கிறாள் என்றது. நான்கு செடி மேலே ஏறினால் கேட்டுவிடும் என்றது.

கேட்டது, குரல். மிச்சம் எல்லாம் நானாகச் சேர்த்தது. அவன் அதை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். முள் போகவில்லை. ஆனாலும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்க முடிந்தது. அரைக்கால் சட்டைக் கங்காணி ஞாபகம் வந்தது. ரேணுகாவின் வசவை முழுதாக, மெதுவாக, உதட்டுக்குள் சொன்னான். காலில் அட்டை ஏறியது. அதைப் பிடுங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது, முகம் கழுவி விட்டது போல இருந்தது. பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தாள். எல்லாம் வட்டமாக, பொன்னிறமாக இருந்தன.

"கருகினது இல்லயா?"

"நல்லது வேணும்னு சண்ட போட்டீங்களே."

"கருகினதுதான் புடிக்கும்."

"இருக்கிறதத் தின்னுங்க."

தின்றார்கள். சம்பல் காரம் மூக்கில் ஏறியது.

"டீச்சருக்குப் புதன்கெழம தவர வேற நாளு இருக்கா?" என்றான்.

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மால்லாம் போவ முடியாது. ரொட்டி கொண்டுக்கிட்டுப் போவணும்."

"சுட்டுத் தருவியா?"

"உங்களுக்கு வேணும்னா நீங்கதான் சுடணும். கருகாம."

டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தாள். இறக்கத்தில் அவள் முன்னால் நடந்தாள். கால் வைக்கும் இடம் பார்த்து, செடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். அவன் பின்னால் வந்தான். இந்தத் தடவை அவன் விறகு எடுக்கவில்லை.

பாதி மலை இறங்கியதும் திரும்பாமலே கேட்டாள். "மேல என்னா பேசுனேன்னு நீங்க கேக்கவே இல்லயே."

"கேக்கல."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். லயத்துக் கூரைகள் தெரியத் தொடங்கின.

"கேளுங்க," என்றாள்.